அரக்கு ஆறுகிறது

நாற்பது நாளில் வந்த நான்காவது முதன்மந்திரி, முத்திரைச் சாவடிக்குள் பின்வழியாக நுழைந்ததும் கதவைச் சாத்தித் தாழிட்டார். மூன்று மாதத்துக்கு முன் மகாராஜா மனமுவந்து மக்களுக்குக் கொடுத்த சட்டசபையை இப்போது கலைக்கத் தான் போட்ட உத்தரவை மேசைமேல் வைத்தார். அரசு முத்திரை விழுந்தால்தான் அது செல்லும். முத்திரையோ ஐந்து தலைமுறையாகச் சேதுராயரின் குடும்பத்தில் இருக்கிறது.

“சீக்கிரம் வையுங்கள், ராயரே.”

“வைக்கிறேன்.” சேதுராயர் கரண்டியில் அரக்கை உருக்கினார். “முதலில் வாசலில் நின்று மூன்று முறை வாசிக்க வேண்டும். உத்தரவு போட்டவர் பக்கத்தில் நிற்க வேண்டும். எங்கள் வீட்டு வழக்கம்.”

“வாசலில் ஐயாயிரம் பேர் கல்லோடு நிற்கிறார்கள்.”

“நல்லதாகப் போயிற்று. தண்டோரா போட்டு ஆள் கூட்ட வேண்டியதில்லை.”

“முத்திரையை வேறு ஆளிடம் கொடுக்க எனக்கு அதிகாரம் உண்டு.”

“உண்டு. அந்த உத்தரவுக்கும் இந்த முத்திரைதான் வேண்டும். அதையும் வாசலில்தான் வாசிப்பேன்.”

பஞ்சத்திலும் போரிலும்கூடச் சேதுராயர் வீட்டார் சாத்திய கதவுக்குப் பின்னால் முத்திரை வைத்ததில்லை. அந்தப் பெயர் தன் கையால் கெடாது என்பதில் சேதுராயருக்குச் சந்தேகமே இல்லை. உத்தரவை எடுத்துக்கொண்டு போய் வாசற்கதவை அகலத் திறந்தார். வெயிலோடு கூச்சலும் உள்ளே வந்தது. அவர் தலைப்பாகையைக் கண்டதும் அடங்கியது. ஒரு கையில் உத்தரவும் மறுகையில் கரண்டியுமாகப் படியில் நின்று, வலப்பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டார்.

“வாருங்கள் ஐயா,” என்றார் திரும்பாமல். “அரக்கு ஆறுகிறது.”