பால் பொங்கிய நேரம்

புதுவீட்டில் பால் காய்ச்ச யோகமலர் பஞ்சாங்கம் பார்த்தாள், சாத்திரியாரிடமும் கேட்டாள். ஊருக்கு மின்சாரம் விடும் அக்கரை நாட்டின் விடுமுறைப் பட்டியலை மட்டும் பார்க்கவில்லை. ஊரெல்லாம் முதலில் பார்ப்பது அதைத்தான். மாடிவீடு கட்டியவளுக்கு யார் புத்தி சொல்வது?

பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் பால் பொங்கவேண்டும். பத்தேகாலுக்கு மின்னடுப்பின் கண்ணாடியில் எழுத்து ஓடியது: ‘இன்று எங்களுக்கு விடுமுறை. மின்சாரம் பிந்தி வரும்.’

வளவுக்குப் பின்னால் காற்றாலை விர்ரென்று சுற்றியது.

“எங்கட காத்து, எங்கட கரண்ட். கடல் தாண்டிப் போய், அவன் தந்தாத்தான் எங்களுக்கோ?” என்று யோகமலர் கொதித்தாள்.

“காத்தாலை ஒப்பந்தத்தில கையெழுத்து வைக்கேக்க எல்லாரும் கை தட்டினனாங்கள்தானே, அக்கா,” என்றாள் எதிர்வீட்டு நேசராணி, பலகாரத் தட்டை விடாமல். “விறகை மூட்டுங்கோவன்.”

“மூட்டினா ஒப்பந்தத்தை மீறினதாம். ஒரு மாசத்துக்குக் கரண்டை வெட்டிப்போடுவாங்கள்,” என்றாள் யோகமலர்.

பத்தரையும் ஆனது. பானையை இறக்கிவிடுவோம் என்று யோகமலர் எழுந்து வருவதற்குள், மின்சாரம் வந்து, போட்டபடி கிடந்த அடுப்பு தானாகவே சூடேறிவிட்டது. பால் கிழக்குப் பக்கமாக, சாத்திரியார் சொன்னபடியே, நிறைவாகப் பொங்கி வழிந்தது. ராகு காலம் தொடங்கி ஐந்து நிமிடம்.



“திசை என்டாச் சரிதான், அக்கா,” என்றாள் நேசராணி.