ஒற்றைக் கண் தளபதி

பெனிட்டாவின் மேசையில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தளபதி நின்றிருந்தான். துண்டு துண்டாக வந்தவனை ஒட்டி, கவசத்துக்கு வெள்ளி நிறம் பூசியதெல்லாம் அவள்தான். இடது கண் மட்டும் அவளுக்குத் திருப்தியாக வரவே இல்லை. வரைவாள், துடைப்பாள். மற்ற வீரர்கள் விளையாட்டுப் பலகைக்குப் போய்வர, அவன் மேசையிலேயே கிடந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிநேகிதி விளையாட வந்தாள். பலகையில் ஒரு வீரன் குறையவே, பெனிட்டா அவனையும் அப்படியே தூக்கிப் பலகையில் வைத்துவிட்டாள். எதிரே சிநேகிதியின் சிவப்பு டிராகன். வெட்கத்தில் தளபதிக்குப் பாதி உயிர் போய்விட்டது. கேடயத்தால் முகத்தை மறைக்கலாமென்றால், ஒட்டிய கை அசையவில்லை.

“சிரிக்கிறதுன்னா சிரிச்சிடு,” என்றான்.

“எதுக்கு?” என்றது டிராகன்.

“எனக்கு ஒரு கண் இல்லையே.”

டிராகன் உற்றுப் பார்த்தது. “அட, ஆமா! நான் கவனிக்கவே இல்லப்பா. என் இறக்கையை நீ பார்த்துடுவியோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். தலைகீழா ஒட்டிட்டாங்க.”

தளபதி அப்போதுதான் பார்த்தான். தலைகீழாகத்தான் இருந்தது. இருவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பகடை உருண்டது. முதல் சுற்றிலேயே தளபதி தோற்றான். பலகையோரம் படுத்தபடி, மீதிச் சண்டை முழுவதையும் இருக்கிற ஒரு கண்ணால் ஆசைதீரப் பார்த்தான்.