சொந்த முயற்சி

"a = 5னு எழுதியாச்சு. அடுத்த வரியிலயே a = 'மதுரை'ன்னு எழுதினா, பைத்தான் ஏத்துக்குமா, ஏத்துக்காதாம்மா?"

தாமரைச்செல்வி உதட்டைக் கடித்தாள். "எரர் வரும் சார். எண்ணை வச்ச வேரியபிள்ல எழுத்தை வைக்க முடியாது."

"தாராளமா வைக்கலாம். வேரியபிளுக்குள்ள என்ன வரும்னு பைத்தான்ல முன்கூட்டியே சொல்ல வேண்டியதே இல்லை. முதல் நாள் பாடம் இது."

2008, ஏப்ரல் வெயில். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப். எம்.சி.ஏ. கடைசி வருட ப்ராஜெக்ட்டுக்கு வைவா என்ற வாய்மொழித் தேர்வு நடந்துகொண்டிருந்தது. கேள்வி கேட்டவர், வேறு கல்லூரியிலிருந்து தேர்வாளராக வந்திருந்த ஹரிராம். பக்கத்தில் துறைத்தலைவி லலிதாம்பாள். தாமரைச்செல்வியின் ப்ராஜெக்ட் புத்தகம் மேஜைமேல் மூடியே கிடந்தது.

"நாற்பதாம் பக்கத்துல ஒரு பங்ஷனுக்குள்ள வேரியபிள் ஒண்ணு உண்டாக்கி இருக்க. அது பங்ஷனுக்கு வெளியே கிடைக்குமா?"

"கிடைக்கும் சார்."

"கிடைக்காது. சரி, a-ங்கிறது ஒரு லிஸ்ட். b = a-ன்னு போட்டுட்டு, b-யில புதுசா ஒண்ணைச் சேர்த்தா a மாறுமா?"

அவள் கண் கலங்கிவிட்டது.

லலிதாம்பாள் குரலைத் தாழ்த்தினார். "சார், பெங்களூர்ல வேலை கிடைச்சிருக்கு. பாஸானாத்தான் ஜூன்ல சேர முடியும். சோழவந்தான்ல வெத்தலைக் கொடிக்கால் வச்சிருக்கவங்க வீட்டுப் பிள்ளை."

ஹரிராம் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"இதை யாரும்மா எழுதிக் குடுத்தா?"

அவள் தலை குனிந்தபடி சொன்னாள்.

"ப்ராஜெக்ட் சென்டர்ல காசு குடுத்து வாங்குனது சார். அப்பாவுக்கு மூணு மாசமா டயாலிசிஸ். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்சதுல என்னால உக்கார முடியல."

"எழுதின ஆளைப் பார்த்திருக்கியா?"

"இல்ல சார். ஓனர்தான் கையில குடுத்தாரு. எழுதுனவுக பேருகூடத் தெரியாது."

ஹரிராம் நாற்காலியில் சாய்ந்து நீளமாக மூச்சு விட்டார்.

"முதல் பக்கத்துல 'இது என் சொந்த முயற்சி'ன்னு கையெழுத்துப் போட்டிருக்க. பொய்க்கு மார்க் போடச் சொல்றியா?"

"மன்னிச்சிருங்க சார். இந்த ஒரு தடவை..."

அவர் மதிப்பெண் தாளை இழுத்து, பெயில் என்று எழுதிக் கையெழுத்திட்டார். "நவம்பர்ல வா. ஒழுங்கா எழுதிட்டு வா."

தாமரைச்செல்வி வராந்தாவுக்கு வந்ததுமே செல்போன் அடித்தது. அப்பா.

"எப்படித்தா செஞ்ச?" களைத்த குரலில் கேட்டார்.

"முடிஞ்சிருச்சுப்பா" என்றாள்.

சாயங்காலம் ஹரிராம் மேலமாசி வீதியில் ஒரு குறுகலான மாடிப்படி ஏறினார். மேலே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த வெள்ளைத்துரை எழுந்து, அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"வாங்க சார், உங்களுக்குத்தான் காத்திருக்கேன். நம்ம சென்டருக்கு நீங்க எழுதிக் குடுத்த ப்ராஜெக்ட்ல சோழவந்தான் பொண்ணு ஒண்ணு இன்னைக்குப் பெயிலாயிருச்சாம். போன்ல ஒரே அழுகை. நவம்பருக்கு அந்தப் பிள்ளைக்குப் புதுசா ஒண்ணு நீங்களே எழுதிக் குடுத்துருங்க சார்."