கால்மாட்டுக் கரை

"ஒரு போர்வைக்குக் கால்குலேட்டரா?" என்றார் ராஸ், தேநீர்க் கோப்பையோடு சமையலறைக்குள் வந்து.

கணவர் கேட்டதற்கு லின் நிமிரவில்லை. மேசைமேல் போர்வையின் நடுப்பகுதி விரிந்து கிடந்தது. மஞ்சளும் சாம்பலுமாகச் சின்னச் சதுரங்களைச் சேர்த்துத் தைத்தது. இனி அதைச் சுற்றிக் கரை வைக்க வேண்டும்.

இரண்டு இஞ்ச் வைத்தால் கஞ்சத்தனமாகத் தெரிந்தது. நான்கு வைத்தால் சதுரங்களெல்லாம் நடுவில் ஒடுங்கிப் போயின. மூன்று என்று எழுதினாள்.

"பாதாம்காரன் பெத்ததுக்கு இவ்வளவு சீராட்டு. அவன் வீட்டுல போர்வைக்கா பஞ்சம்? நாலு போர்வை கடையில வாங்கிப் போட மாட்டானா?"

ராஸ் மருமகனைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. ரெட் கிளிஃப்ஸில் இவர்கள் திராட்சைத் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டத்துக் கொடிகளையெல்லாம் வேரோடு பிடுங்கிப் பாதாம் நட்ட கம்பெனியில் அவன் மேலாளர். அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று டாம்ஸின் சொன்ன நாளோடு அப்பாவும் மகளும் பேச்சை நிறுத்தினார்கள். கல்யாணத்தன்று ராஸ் கொட்டகையில் உட்கார்ந்து டிராக்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது பேரனுக்கு மூன்று மாதம். டாம்ஸின் இருக்கும் ராபின்வேல் ஒன்றும் தூரமில்லை. வண்டியில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் லின் போகவில்லை.

"அப்பா முதல்ல இறங்கி வரட்டும்டி. அவரை விட்டுட்டு நான் மட்டும் வந்தா மனுஷன் உடைஞ்சு போயிடுவார்" என்று போனில் சொல்லியிருந்தாள். மறுமுனையில் குழந்தை அழுதது.

ராஸ் அவள் தோளுக்கு மேலாகத் தாளை எட்டிப் பார்த்தார். மூக்கால் சிரித்தார்.

பொத்தான் அறுந்தால் சட்டையையே தூக்கிப் போடுகிற மனிதர் கரை பற்றி என்ன சொல்லப் போகிறார் என்று லின் நினைத்துக்கொண்டாள். சிரிக்கட்டும். வாழ்க்கை முழுக்க அடுத்தவர் செய்வதைப் பார்த்துச் சிரித்தே ஓட்டிய ஆள்.

"நாலு பக்கமும் மூணா? நல்ல கணக்கு. ஒரு ராத்திரி தாங்காது."

"ஏனாம்?"

"கால்மாட்டுல ரெண்டு மடங்கு வை. மெத்தைக்கு அடியில சொருகணும், அப்பத்தான் நிக்கும். பய உதைச்சு உதைச்சுத் தள்ளிடுறான்."

பென்சில் நின்றது.

வெளியே திராட்சை வரிசைகளுக்கு நடுவே பம்பு ஓடிக்கொண்டிருந்தது. ராஸ் தேநீரைக் குடிக்கப்போய், குடிக்காமல், கோப்பையைக் கீழே வைத்தார்.

லின்னுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, அவர் சிரிக்கிற அதே சிரிப்பு. பிறகு மாதங்களை எண்ணினாள். மூன்று மாதம். இந்த மனிதர் உடைந்துவிடுவாரே என்று மூன்று மாதம் வாசல் தாண்டாமல் இருந்திருக்கிறாள்.

"அவகிட்ட நான் வரலைன்னு சொன்னேன், ராஸ். உனக்காக."

அவர் ஜன்னலைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

அவள் மூன்றை அழித்துவிட்டு, கால்மாட்டில் ஆறு என்று எழுதினாள்.

"தலைமாட்டுக்கு எவ்வளவு வைக்கணும்? அதையும் நீயே சொல்லிடு."

ராஸ் இரண்டு கைகளையும் மேசைக்கு மேலே தூக்கி ஓர் அளவு காட்டினார். எந்தக் கரைக்கும் அது ஆகாத அளவு. வெடித்துத் தடித்த அந்த விரல்கள் காற்றில் எதையோ நழுவவிடாமல் பிடித்திருப்பதுபோல் வளைந்திருந்தன.

"இவ்வளவுதான் இருக்கான். உதை மட்டும் கழுதை உதை."

லின் அளவுநாடாவை எடுத்தாள். அந்தக் கைகளுக்கு நடுவே நீட்டிப் பிடித்தாள்.