போருபெக் கேட்ட கேள்வி

"அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க. நான் கேள்வி கேக்காம இந்தக் கேஸ் முடியாது!"

கம்பிக் கூண்டுக்குள் நின்றபடி போருபெக் முழங்கினார். அறுபத்தெட்டு வயது. ஆயுசெல்லாம் ஆடு மேய்த்தவர். ஜெயில் பயம் அவருக்கு இல்லாமல் இல்லை. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அரசாங்கம் அமர்த்திக் கொடுத்த வக்கீல் எர்மெக், கூண்டோரம் வந்து கிசுகிசுத்தான். "பெரியவரே, அடம் பிடிக்காதீங்க. பண்ணை ஆடு இருபதையும் திருடினேன்னு ஒத்துக்கிட்டா மூணு வருஷம். இல்லேன்னா ஏழு."

"திருடலையே தம்பி, எதை ஒத்துக்கறது?"

"சாட்சி தெளிவா எழுதிக் கொடுத்திருக்காளே!"

"காகிதத்தை நான் எப்படிக் கேள்வி கேக்கறது? அதுக்கு வாயா இருக்கு?"

தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து மாற்றலாகி வந்திருந்த இளம் அரசு வழக்கறிஞர் சலித்துக்கொண்டார். "வாக்குமூலத்தை வாசிச்சாலே போதும் மேடம். கிழவர் அந்தப் பொண்ணை மிரட்டப் பாக்கறார்."

"சாட்சியைக் கேள்வி கேக்கறது என் உரிமை. சட்டம் குடுத்தது, நீங்க போட்ட பிச்சை இல்ல!"

நரைத்த தலையோடு இருந்த நீதிபதி அம்மாள் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "சாட்சியைக் கூப்பிடுங்க."

குல்சுன் வந்தாள். தலையில் முக்காடு, பார்வை தரையில். கூண்டின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

போருபெக் குரலைத் தணித்தார். "அம்மாடி, அன்னைக்குப் பொழுது சாயற நேரத்துல பட்டிகிட்ட என்ன பாத்தே?"

"ஏதோ நகர்ந்துச்சு. முதல்ல... ஊளையிடறதுன்னு நெனச்சேன்."

"ஓநாய்னு சொல்லத் தெரியாதா?" என்று அரசு வழக்கறிஞர் சிரித்தார். சபையும் சிரித்தது. நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை.

"அப்புறம்?"

"ஒரு ஆம்பளையோட முதுகு. முகம் தெரியலை."

"பொய்!" அரசு வழக்கறிஞர் காகிதத்தை உயர்த்திக் காட்டினார். "'போருபெக் பட்டியைத் திறந்ததைப் பார்த்தேன்'னு விசாரணை அதிகாரிகிட்ட உன் வாயால சொல்லியிருக்கே. பதினோரு இடத்துல அவர் பேர் இருக்கு. கையெழுத்து உன்னுதுதானே?"

"கையெழுத்து என்னுது. எழுதியிருந்தது ருஷ்ய மொழி. எனக்கு வாசிக்கத் தெரியாது. யாரும் வாசிச்சும் காட்டலை."

"பயத்துல மாத்திப் பேசறா மேடம்!"

"அப்படியா?" என்றார் போருபெக். "அம்மாடி, இதுதான் கடைசிக் கேள்வி. என் பேரைச் சொல்லு."

குல்சுனின் முகம் சிவந்தது. உதடு பிரியவில்லை.

"சொல்லும்மா! கோர்ட்டுல பதில் சொல்லலேன்னா தண்டனை உண்டு, தெரியுமா?" என்று அரசு வழக்கறிஞர் அதட்டினார்.

அவள் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "தண்டிச்சுக்குங்க. சொல்ல மாட்டேன்."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "பெரியவரே, இந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்?"

"என் தம்பியோட மருமக, தாயே," என்றார் போருபெக். "என் பேர்ல இருக்கற 'போரு'ன்னா ஓநாய். மாமனார் முறைக்காரர் பேரைச் சொல்லக் கூடாதுன்னு பதினெட்டு வருஷமா அந்த மிருகத்தோட பேரைக்கூட வாயில எடுக்காதவ, அந்த அதிகாரிகிட்ட மட்டும் பதினோரு தடவை என் பேரைச் சொன்னாளாம்!"