மூணாவது விமானம்

“அதோ, இடப்பக்கத்துலேர்ந்து மூணாவது! என் புள்ள!”

பாத்திரக்கடை அம்மாள் எழுந்து நின்று கத்திய கத்தலில், விமான சாகசக் காட்சிப் பந்தலின் முன்வரிசை முழுக்க அண்ணாந்து மூன்றாவது ஜெட் விமானத்தைத் தேடியது. ஆறு ஜெட்டுகள் தலைக்கு மேல் சீறிப் போயின. சத்தம் ஒரு நொடி தாமதமாக வந்து எல்லோர் நெஞ்சிலும் இடித்தது.

“பெத்தவங்களுக்கு எப்படித் துடிக்கும்!” என்று பக்கத்து இருக்கை மூக்குக்கண்ணாடிக்காரர் உருகிப் போய், தன் பைனாகுலரைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டிவிட்டார். பின்வரிசையிலிருந்து ஜில்லென்று இரண்டு ஜூஸ் வந்தது.

உண்மையில் அம்மாளுக்கு ஆண் பிள்ளையே கிடையாது. இருப்பது ஒரே மகள். அவள் இந்நேரம் கடையில் யாரோ ஒருத்தியிடம் குக்கர் விலைக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். அம்மாள் பையிலிருந்ததோ, வெயிலில் புல்தரையில் நின்று பார்க்கிற டிக்கெட்.

இருபத்தைந்து வருஷமாக அந்தக் கடையின் தகரக் கூரைக்கு மேலேதான் விமானங்கள் போகின்றன. அடுக்கிய தட்டெல்லாம் அதிரும். கல்லாவைப் பூட்டிவிட்டு வாசலுக்கு ஓடி வருவதற்குள் வானம் காலி. ஒரு தடவையாவது முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பி வந்தால், புல்தரையில் முன்னால் நின்றவர்களின் முதுகுதான் தெரிந்தது. அம்மாள் நேரே பந்தல் வாசலுக்குப் போய், கழுத்தில் அட்டை தொங்கிய மேற்பார்வையாளரிடம், “தம்பி, மூணாவது விமானம் ஓட்டுறது என் மகன்,” என்றாள். பேரமே இல்லாமல் முன்வரிசை படிந்தது.

“நீ கல்லாவுல உட்கார வேண்டியவளே இல்ல. நாடகக் கம்பெனியில இருக்க வேண்டியவ,” என்று முணுமுணுத்தார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர்.

“ஜூஸைக் குடிங்க. அப்பாக்காரர் மாதிரி கொஞ்சம் கவலையா உட்காருங்க.”

ஜெட்டுகள் ஒரு சுற்றுப் போன இடைவெளியில், எந்தக் காலத்துப் போரிலோ பறந்த இரட்டை இறக்கை விமானம் ஒன்று இருமிக்கொண்டே ஓடுபாதையைவிட்டு எழும்பியது. “நம்ம வீட்டு மிக்ஸி தேவலை,” என்றார் கணவர். அவர் வாயை மூடுவதற்குள் அது நடுவானில் மல்லாந்து படுத்து, அப்படியே ஊர்வலம் போனது.

“பார்த்தீங்களா! பழைய பித்தளை பித்தளைதாங்க!” என்று அம்மாள் துள்ளித் துள்ளிக் கைதட்டினாள்.

அப்போதுதான் மேற்பார்வையாளர் குனிந்து, முகமெல்லாம் பல்லாகச் சொன்னார்: “அம்மா, ஷோ முடிஞ்சதும் உங்க மகனை நானே கையோட இங்க கூட்டிட்டு வந்துடறேன். நீங்க கட்டிப் பிடிக்கிறதை நாங்க எல்லாரும் பார்க்கணும்!”

முன்வரிசை ஆரவாரம் செய்தது. அம்மாள் ஜூஸைக் கீழே வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள்.

“எந்திரி. இத்தனை பேர் முன்னாடி மானம் போறதுக்குள்ள ஓடிடலாம்,” என்றார் கணவர்.

“கடைசி ஐட்டம் பாக்கி இருக்குங்க. புகையால வானத்துல இதயம் வரைவாங்களாம்.”

“அதுக்குள்ள என் இதயம் நின்னுடும்டி!”

கால் வாசலைப் பார்த்தது. கண் வானத்தைப் பார்த்தது. கண்தான் ஜெயித்தது. இரண்டு ஜெட்டுகள் இரு பக்கமாகப் பிரிந்து வளைந்து இதயம் வரைய, இன்னொன்று அம்பு மாதிரி அதன் நடுவே பாய்ந்தது. இருபத்தைந்து வருஷ ஆசையும் ஒரே மூச்சில் வெளிவர, அம்மாள் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். தாய்ப்பாசம் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

புகை இன்னும் கலையவில்லை. தூரத்தில் முதல் ஜெட் அப்போதுதான் தரையிறங்கச் சக்கரத்தை நீட்டிக்கொண்டிருந்தது. “இப்ப வாங்க, ஓடிடலாம்,” என்று கணவரின் கையைப் பிடித்து அம்மாள் திரும்பினால், வழியை மறித்து நிற்கிறார் மேற்பார்வையாளர். அவர் பிடியில், கடையில் வாங்கிய மடிப்புகூடக் கலையாத விமானி உடையும் கக்கத்தில் ஹெல்மெட்டுமாக ஓர் இளைஞன்.

“ஐஸ்கிரீம் கவுண்டர்ல குழந்தைங்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருந்தார்மா! மூணாவது விமானம்தானேன்னு கேட்டேன், ஆமாம்னார். அம்மா காத்திருக்காங்க வாங்கன்னா, ஒரே கூச்சம். விடுவேனா? இழுத்துட்டு வந்துட்டேன்!”

கணவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பந்தலே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

“தம்பி... அது வந்து...” என்று அம்மாள் இழுத்தாள்.

“அம்மா!” என்று அலறிக்கொண்டு பாய்ந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டான் அவன்.

பந்தல் மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது. மூக்குக்கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அம்மாளுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. யார் பெற்ற பிள்ளையோ, தன் மானத்தைக் காப்பாற்ற இப்படி ஒட்டிக்கொள்கிறதே!

“மன்னிச்சுடுப்பா,” என்று அவன் காதில் கிசுகிசுத்தாள். “இந்தப் பந்தலுக்கு எங்ககிட்ட டிக்கெட் இல்ல. அதான் அப்படி ஒரு பொய்...”

அவன் பிடி இன்னும் இறுகியது.

“விட்டுடாதீங்கம்மா, எனக்கும் டிக்கெட் இல்ல.”