தவளைக்கு வாங்கிய ஃபில்டர்

தன் வீட்டு வாசலில் திருடனைப் போல் வந்து நின்றான் ராஜ்மோகன்.

வண்டியைத் தெருமுனைக் கோயில் பக்கம் விட்டுவிட்டான். செருப்பு கையில் இருந்தது. பட்டப்பகலில், ஒதியம்பட்டில் ஒரு நாய்கூட அவனைப் பார்த்துக் குரைக்கவில்லை. அதையே நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டான்.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே ஃபில்டர் சத்தம் இல்லை.

அணைத்துவிட்டு எங்கோ பக்கத்தில் போயிருக்கிறாள். நினைத்தது சரிதான்.

கூடத்தில் இருக்கும் கண்ணாடித் தொட்டியில் மீன் கிடையாது. கட்டைவிரல் அளவில் இரண்டு தண்ணீர்த் தவளைகள். பகலெல்லாம் தனியாகக் கிடக்கிறாளே என்று மனைவி இளவரசிக்கு வில்லியனூரிலிருந்து வாங்கி வந்தது. ஃபில்டர் வாங்கியது அதற்குப் பிறகு. இந்தச் சின்னப் பிராணிக்குத் தண்ணீர் வேகம் ஆகாது, சத்தமில்லாத சின்ன ஃபில்டர் போதும் என்று கடைக்காரர் தலைபாடாக அடித்துக்கொண்டார். ராஜ்மோகன் கேட்கவில்லை. இருப்பதிலேயே பெரியதாக, லொடலொடவென்று கத்துவதாகப் பார்த்து வாங்கினான்.

தவளைக்குச் சுத்தமான தண்ணீர் வேண்டுமாம் என்று இளவரசியிடம் சொன்னான்.

கம்பெனியில் டீ நேரத்துக்குத் தினமும் போன் பண்ணுவான். சாப்பிட்டியா, என்ன குழம்பு என்பான். அவள் சொல்லும் குழம்பு எதுவும் அவன் காதில் ஏறியதில்லை. பின்னால் அந்த லொடலொட கேட்கிறதா என்பதுதான் அவன் கவலை. கேட்டால் வீட்டில் இருக்கிறாள். நிம்மதியாக வைத்துவிடுவான்.

போன வாரத்திலிருந்து போனில் அது கேட்கவில்லை. சாயங்காலம் வந்து பார்த்தால் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

வீட்டில்தான் இருக்கிறேன் என்கிறாள். எந்த வீட்டில்? அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இன்று வயிற்றுவலி என்று பொய் சொல்லி, கையும் களவுமாகப் பிடிக்கக் கிளம்பி வந்துவிட்டான்.

கதவைத் தள்ளி, பூனை மாதிரி உள்ளே போனான். கூடத்தில் யாரும் இல்லை.

அப்போதுதான் கேட்டது. ர்ர்ர்ர்.

நின்றது. மறுபடி, ர்ர்ர்ர்.

போன் வைப்ரேட்டில் அதிரும் சத்தம். ஆனால் அவள் போன் டிவி பக்கத்தில் திரை இருண்டு கிடந்தது. அப்படியென்றால் இன்னொரு போன். மனுஷ மனசை என்னவென்று சொல்வது, அவனுக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. ஒரு வருஷமாகச் சந்தேகப்பட்டது வீண்போகவில்லை அல்லவா.

கூடத்துக் கட்டிலில் தலையணைக்கு அடியில் மெதுவாகக் கையை விட்டுத் துழாவினான். இல்லை. சாமி படத்துக்குப் பின்னால் பார்த்தான். இல்லை.

திரும்பினால், தோட்டத்துக் கதவில் இளவரசி நின்றுகொண்டிருந்தாள். துணி துவைத்த ஈரக் கை. அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்த முகத்தோடு வந்தவள், அவனைக் கண்டதும் சிரிப்பை மடக்கிக்கொண்டாள். வாயில் விரலை வைத்து, தொட்டியைக் காட்டினாள்.

ஆடாத தண்ணீருக்கு அடியில் சின்னத் தவளை உட்கார்ந்திருந்தது. உடம்பு லேசாக அதிர்ந்தது. ர்ர்ர்ர்.

"அது ஆண் தவள, பாடுது. அந்தத் தண்ணி அடிச்ச அடியில ரெண்டும் பயந்து மூலையில ஒட்டிக்கினு புழுகூடத் தின்னல. எனக்கு மட்டும்னா வுட்ருப்பேன். அதுங்களுக்கு இன்னாத்துக்கு இந்தத் தண்டனைன்னு பகல்ல நிறுத்திடுறேன், நீங்க வர்றதுக்குள்ள போட்டுடுவேன். தினம் நானே கொஞ்சம் தண்ணி மாத்துறேன்."

எனக்கு மட்டும்னா.

அது அவனுக்கு மெல்லத்தான் உறைத்தது. உறைத்ததும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"நீங்க வூட்ல இருக்கறப்ப இது பாடுனதே இல்ல. உங்க காலடிச் சத்தத்துக்கே அடங்கிடும்" என்றாள். அவள் பார்வை அவன் கையில் இருந்த செருப்புக்குப் போயிற்று. நேராகச் சுவரிடம் போய் ஸ்விட்சைத் தட்டினாள்.

லொடலொட வீட்டை நிறைத்தது. தவளை குட்டிக்கரணம் போட்டு மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

"வேலைக்குப் போங்க. போன் பண்ணா கேக்கும்."

ராஜ்மோகனுக்கு அவமானமாக இருந்தது. எட்டி அந்த ஸ்விட்சைத் தானே அணைத்தான்.

தண்ணீர் அடங்கியது. இரண்டு பேரும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. அவன் மூச்சைக்கூட இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். தவளை மூலையை விட்டு வரவில்லை.

கடைசியில் இளவரசிதான் மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க கொஞ்சம் வெளியில நில்லுங்க."

அவன் வெளியே போய், வெயிலில் நின்றான். கொஞ்ச நேரத்தில் உள்ளே அது பாட ஆரம்பித்தது.